தணிகையும் தலைப்பெயலும்

ஆடிக் கிருத்திகை அணுகுங்கால் திருத்தணிகை மலையின் 365 படிகளும் மலர்க்காவடி தாங்கிய அடியார்களால் நிறைகின்றன. பகல் முழுதும் வெயில் பாறையைச் சுட்டு நிற்கும். பிற்பகலில் மேற்றிசைக் குன்றுகளுக்கு அப்பால் ஒரு கருமுகில் எழுமாயின், காற்று மண்ணின் மணத்தை அதற்கு முன்னே சுமந்து வரும். ஓரிரு துளி பாறைமேல் விழுந்த அளவிலேயே அரோகரா முழக்கம் இருமடங்காகின்றது. ஒதுங்க இடந் தேடுவார் சிலரே. நனைந்தபடி முகம் மலர்ந்து மேலே நோக்கி நிற்பாரே பலர். அவருள் ஒருசிலர் கண்களில் நீர் நிறைந்திருத்தலும் உண்டு. அது வானம் பெய்த நீரன்று.

மழை வருங்கால் மகிழ்ச்சி தோன்றுதல் உயிர்க்கு இயல்பு. வெம்மை நீங்கித் தண்மை வருதலின் உடம்பு மகிழும். விளைவு வருமென எண்ணுதலின் உள்ளமும் மகிழும். இவ்விரண்டும் எளிதின் விளங்குவன. ஆயின் அம்மகிழ்ச்சியினூடே ஓர் ஏக்கமும் உடன் எழுகின்றதே, அஃது ஏன்? பிரிந்தாரை நினைத்தல், பெயர் கூறவியலாத ஒன்றை நாடுதல், காரணமின்றிக் கண் கலங்குதல் ஆகிய இவை வெயிற்காலத்தினும் மழைக்காலத்தே மிகுதல் எதனால்? தமிழ்ச் செய்யுளின் கார்காலப் பகுதிகளை ஆராய்வார் எவரும் இவ்வினாவை எதிர்கொள்ளாது செல்லுதல் இயலாது.

இதற்கு இருவகை விடை கூறப்பட்டு வருகின்றது. மழையை வருணிக்கும் செய்யுட்களை இயற்கை நவிற்சி என்னும் அளவிலே நிறுத்தி, முகிலும் மின்னும் அருவியும் கண்ணுக்கு இனியவாதலின் புலவர் பாடினர் என்பார் ஒருசாரார். முகில் என்பது திருவருள், துளி என்பது கருணை, நிலம் என்பது உயிர் எனச் சொற்றோறும் ஒரு பொருளை ஏற்றி, அவ்வேற்றத்தோடு ஆராய்ச்சி முற்றிற்றென அமைவார் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றில் ஏக்கத்திற்கு இடமில்லை; பின்னவர் கூற்றில் ஈரத்திற்கு இடமில்லை. சைவ அன்பர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலே சாய்தலின், அதன் குறையை எடுத்துக்காட்டுதலே ஈண்டு முதன்மையாக வேண்டப்படுவது.

தணிகை என்னும் பெயரே இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய் ஆகின்றது. சூரபன்மனோடு பொருத சினம் தணிந்து முருகப்பெருமான் எழுந்தருளிய இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றதென்பது தலவரலாறு. தணிதல் என்னும் சொல் சினத்திற்கு மட்டும் உரியதன்று. வெயில் தணியும், வேட்கை தணியும், நோய் தணியும், நெருப்பும் தணியும். அழிதல் வேறு, தணிதல் வேறு. அழிந்தது இல்லையாம், தணிந்ததோ தன் மிகுதி நீங்கித் தன் நிலைக்கு மீளும். கோடையிற் காய்ந்த நிலத்தின்மேல் மழை செய்யும் தொழிலும் இதுவே. எனவே இம்மலையின் பெயர், போர்க்களத்தை நினைவூட்டும் அளவிற்கு மழையையும் நினைவூட்டுவதாகும். தேவேந்திரன் இங்குச் சுனையிலே நீலோற்பலம் வளர்த்து வழிபட்டான் என்றும், பெருமான் திருமுன்னர் நிற்கும் யானை அவன் அளித்த ஐராவதம் என்றும் கூறும் வரலாறுகளும் நினைக்கத் தக்கன. மழைக்குத் தலைவனாகச் சொல்லப்படுவோனே சுனைநீரில் மலர் வளர்த்துத் தன் குறை தணியக் காத்திருந்தான் என்பது அவற்றின் பொருள்.

இனி நூல்வழிச் செல்லலாம். தொல்காப்பியம் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் முல்லைக்கு உரியவாக்கிற்று. கூதிரையும் யாமத்தையும் குறிஞ்சிக்கு உரியவாக்கி, முன்பனியையும் அதனோடு சேர்த்தது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். எனவே முதல் மழை தொடங்கும் பருவத்தைக் காத்திருத்தலுக்கும், மழை முதிர்ந்து குளிர்ந்த பருவத்தைக் கூட்டத்திற்கும் ஆசிரியர் வகுத்தனர் என்பது பெறப்படும். கார் வருமுன் மீள்வேன் எனக் கூறிச் சென்ற தலைவன் மீளாதிருக்க, முகில் மட்டும் மீண்டு வந்துவிடுகின்றது. வரவேண்டியவற்றுள் ஒன்று வந்தது, மற்றொன்று வந்திலது. மழையின் மகிழ்ச்சியும் ஏக்கமும் ஒருங்கே பிறக்கும் இடம் இதுவே. மழை, வராத ஒருவனுக்குச் சான்றாக வந்து நிற்கின்றது. அது வந்திராவிடின், வராமையும் அத்துணைத் தெளிவாகத் தெரிந்திராது.

இவ்வுண்மையை நன்கு காட்டுவது நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை. 188 அடிகளையுடைய அப்பாட்டின் தொடக்கத்திலே மலையை வளைத்து முகில் பொழிகின்றது. அது பொய்யாத நல்மழை. உலகங் குளிரப் பெய்த மழை. எனினும் அதனைப் பெற்றாருடைய நிலை யாது? கோவலர் வெள்ளத்தை வெறுத்து, ஆனிரையை வேறு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய இடத்தை விட்டு நீங்குதலின் வருந்துகின்றனர். கைகளை நெருப்பிற் காய்ச்சியும் நடுக்கம் நீங்கிற்றில்லை. விலங்கு மேய்தலை மறந்தது. மந்தி குளிரால் நடுங்கிற்று. பறவை கிளையினின்றும் வீழ்ந்தது. கறவை தன் கன்றையே உதைத்து நீக்கிற்று. இதன்பின் அரண்மனையில் அரசி உறங்காதிருக்கின்றாள். பாசறையில் அரசனும் உறங்காதிருக்கின்றான். இருவரும் பாட்டினுள்ளே கூடுகின்றாரல்லர். அவள் துயர் தீருமாறு கொற்றவையைப் பரவி வேண்டுதல் நிகழ்கின்றது என்பது உரைகாரர் கருத்து. வேண்டுதல் உண்டு, அது நிறைவேறியதாகக் காட்டப்படவில்லை. பாட்டின் பெயருக்குக் கூறப்படும் விளக்கமும் கருதத்தக்கது: பிரிந்திருப்பாளுக்கு அவ்வாடை நெடியது, வினைமேற் சென்றானுக்கு அது நல்லது. வீசிய காற்று ஒன்றே. உற்றார் நிலைக்கு ஏற்ப அது நெடிதாயிற்று, நல்லதும் ஆயிற்று.

நக்கீரர் பெயரால் வழங்கும் மற்றொரு பாட்டு, பத்துப்பாட்டின் முதலிலும் பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்ற திருமுருகாற்றுப்படை. இரண்டு நூலுக்கும் ஆசிரியர் ஒருவரே என்பாரும் வேறு என்பாரும் உளர். ஆசிரியர் ஒருவராயினும் இருவராயினும் ஈண்டு எழும் பொருளுக்கு இழுக்கில்லை. ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இரு பாட்டுக்கள் என்ற அளவிலே அவற்றை ஒப்பிடுதல் போதும்.

317 அடிகளையுடைய ஆற்றுப்படை, கடல்மேல் எழும் ஞாயிற்றைக் கூறித் தொடங்குகின்றது. நீலமயில்மேல் விளங்கும் செவ்வேளுக்கு அது உவமை. அடுத்துப் புலவர் எடுத்துக்கொள்வது யாது? கடல்நீரை முகந்து சூல்கொண்ட முகில். அது வானிருளைப் பிளந்து மின்னிப் பருந்துளி சிதறித் தலைப்பெயல் பொழிகின்றது. தலைப்பெயலாவது பருவத்தின் முதல் மழை. அம்மழையால் கானம் குளிர்ந்து மணக்கின்றது. அக்கானத்திலே இருளுண்டாகத் தழைத்த கடம்பு தேருருள் போன்ற பூக்களைப் பூக்கின்றது. அப்பூக்களாற் றொடுத்த மாலை பெருமான் மார்பிலே புரள்கின்றது. முருகன் அணியாகப் பாட்டில் முதற்கண் பேசப்படுவது பொன்னும் மணியும் அன்று. முதல் மழை தந்த பூவே. அறுபடை வீட்டின் பெருமையைக் கூறவந்த பாட்டு, ஒரு வீட்டின் பெயரையும் சொல்லுமுன் மழையைச் சொல்லிற்று என்பது ஊன்றி நோக்கற்பாலது.

இவ்வமைப்பினை வருணனை எனக் கடந்து செல்லுதல் தகாது. முதலிற் கூறப்பட்டது ஞாயிறு. பின்னர்க் கூறப்பட்டது ஞாயிற்றை மறைக்கும் முகில். உலகியலில் இவ்விரண்டும் தம்முள் மாறாவன. முகில் எழின் ஞாயிறு தோன்றாது. ஆயின் பாட்டிலோ, மறைத்த முகிலே பொழிந்து, பொழிந்த நீரே பூவாகி, பூவே மாலையாகி, ஞாயிறு போன்றான் மார்பிற் சென்று சேர்கின்றது. இருள் என்னும் சொல்லும் இங்கு இகழப்படவில்லை. இருண்ட அடவியிற் பூத்த பூவையே பெருமான் சூடினான். நக்கீரர் பூதத்தால் மலைக்குகையில் அடைக்கப்பட்டு, ஆங்கிருந்து இப்பாட்டைப் பாடி வீடுபெற்றார் என்னும் வரலாற்றை நினைப்பார்க்கு இதன் சுவை மிகும். குகையுள் இருப்பான் ஞாயிற்றையும் காணான், முகிலையும் காணான். தான் காணாத இரண்டனையும் அவன் முதலிற் பாடினான். ஒளியை மட்டும் பாடியிருப்பின் அஃது ஆசையின் அளவிலே நின்றிருக்கும். ஒளியை மறைப்பதும் அவனுக்கே மாலையாகும் எனப் பாடினமையின், தன் இருளுக்கும் ஒரு பயன் உண்டெனத் துணிந்தான் ஆயினான்.

நெடுநல்வாடையோடு ஒப்பிடின் மற்றொரு நுட்பமும் புலப்படும். அங்கே கோவலர் தலையிற் சூடிய கோடற்பூக் கண்ணி மழைநீரால் அலைப்புண்டு கலங்குகின்றது. கோடலாவது வெண்காந்தள். இங்கே, மந்தியும் அறியாத மரச்செறிவையுடைய மலைப்பக்கத்திலே பூத்த சுடர்போலும் செங்காந்தளின் கண்ணி, வண்டும் மொய்க்காத தூய்மையோடு முருகன் திருமுடியில் விளங்குகின்றது. காந்தளை மக்கள் கார்த்திகைப்பூ என்றே வழங்குவர். மழையோடு தோன்றி மழையோடு மலர்வது அது. ஒரே பருவத்தின் ஓரினப் பூ, வருந்துவான் தலையில் நீரலைத்துக் கலங்கிற்று. அருளுவான் தலையிற் கலங்காது நின்றது. மழை இரண்டிடத்தும் பெய்தது. பூவைத் தாங்கியவர் நிலையே வேறு.

சித்தாந்த நூலுணர்ந்தோர்க்கு இவ்விடத்தே திரோதான சத்தி நினைவுக்கு வருதல் இயல்பு. ஐந்தொழிலுள் நான்காவது மறைத்தல். உயிர் வினைப்பயனை நுகர்ந்து பக்குவமுறுமாறு இறைவன் தன்னை மறைத்து நிற்கும் ஆற்றலே திரோதானம். மலத்தைத் தொழிற்படுத்தி நிற்றலின் அதனையும் உபசாரத்தால் மலமென வழங்குவர். உமாபதி சிவாசாரியார் நூல்களில் இது தெளிவுற விளங்கும். மலம் பரிபாகமெய்திய காலத்து அச்சத்தியே அருட்சத்தியாய்ப் பதிகின்றது, அதுவே சத்திநிபாதம். நிபாதம் என்னும் சொற்கு வீழ்ச்சி என்பது பொருள். மறைத்துநின்றதே பொழியும், பொழிவது மறைத்ததின் வேறன்று. ஞாயிற்றை மறைத்த முகிலே நீர் தந்தது என்னும் நிகழ்ச்சியிற் காணப்படுவதும் இதுவே. சத்திநிபாதம் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுதலும், பெய்யும் மழையின் குறைபாட்டாலன்று, ஏற்கும் நிலத்தின் பக்குவத்தாலேயாம்.

ஈண்டு ஒரு தடை எழும். திருமுருகாற்றுப்படை மெய்கண்ட சாத்திரங்களுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. சிவஞானபோதம் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. உமாபதி சிவம் அதற்கும் பிற்பட்டவர். பிற்காலத்துக் கொள்கையை முற்காலத்துப் பாட்டில் ஏற்றுதல் ஆராய்ச்சி முறையாகுமா என்பது அத்தடை. தடை நேரியதே. நக்கீரர் திரோதானத்தை விளக்கினார் எனக் கூறுதல் பிழையாம். ஆயின் மழைக்காலத்தே மறைவும் பொழிவும் ஒன்றாய் நிற்கும் நிலையைப் புலவர் நேரே கண்டனர், கண்டவாறே பாடினர். அக்காட்சிக்குப் பெயரும் முறையும் ஏரணமும் வகுத்தது பின்வந்த சாத்திரம். காட்சி முன்னது, பெயர் பின்னது. பெயரைக் கொண்டு காட்சியை விளக்கலாம். காட்சியை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுதலே குற்றம்.

உருவகங்கூறி அமைவார் செய்யும் பிழையும் இதுவேயாம். அவர்க்கு மழை ஓர் அடையாளம் மட்டுமே. பொருள் தெரிந்தபின் அடையாளத்தை எறிந்துவிடலாம். ஆனால் சைவசித்தாந்தம் உலகைப் பொய்த்தோற்றமெனக் கூறுவதன்று. மாயை உள்பொருள், அதனினின்று தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்க்கு ஆக்கித் தருவது அதன் மலநோய் தீர்தற்பொருட்டு. மழை புவனத்தைச் சார்ந்தது. மழையால் வரும் மகிழ்ச்சி போகத்தைச் சார்ந்தது. எனவே அம்மகிழ்ச்சி வேறொன்றிற்கு வெறும் குறியன்று. உயிர்க்கெனத் தரப்பட்ட மெய்யான மருந்து. மருந்தை உண்ணாமல் அதன் பெயரை ஓதுவானுக்கு நோய் தீராது. மருந்தின் சுவையிலே மயங்கி நின்றுவிடுவானுக்கும் தீராது. மழையில் நனைந்து மகிழ்தலும், அம்மகிழ்ச்சி தன்னளவில் நிறைவுறாமையை உணர்ந்து ஏங்குதலும் ஆகிய இரண்டும் வேண்டும். முதற்கண் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே. மழையின்பம் மெய்யாதலின் மகிழ்கின்றோம் என்பதும், அது முடிந்த இன்பம் அன்றாதலின் ஏங்குகின்றோம் என்பதும் உயிர் தன்னையறியாது கூறும் கூற்றுக்கள்.

மணிவாசகப் பெருமான் திருவெம்பாவையில் மழையை நோக்கிப் பாடிய பதினாறாம் பாட்டும் இதனை அரண் செய்யும். கடல்நீரைக் குறைத்தெழும் முகிலிலே அம்மையின் நிறமும், மின்னிலே அவளது இடையும், இடியிலே அவளது சிலம்பொலியும், வானவில்லிலே அவளது புருவமும் காணப்படுகின்றன. இறுதியிலே, அன்பர்க்கு அவள் முற்படச் சுரக்கும் அருளைப் போலப் பொழிக என மழை வேண்டப்படுகின்றது. ஈண்டு உவமை எது, பொருள் எது என நோக்குக. அருள் மழை போன்றது என்று பாடப்படவில்லை. மழை அருளைப் போலப் பெய்யட்டும் என்றே பாடப்பட்டது. அம்மகளிர்க்கு முன்னரே தெரிந்தது அருள். அதனை அளவுகோலாகக் கொண்டு மழையை அளக்கின்றனர். மழை இங்கே எறியப்படும் அடையாளம் அன்று. அருளின் தன்மையைப் பெற்று உயர்வதற்கு அழைக்கப்படும் பொருள். மார்கழி வைகறையில் நீராடும் மகளிர் வேண்டுவது உண்மையான நீரையே என்பதும் மறக்கற்பாலதன்று.

நெடுநல்வாடையில் மந்தி நடுங்கிற்று. ஆற்றுப்படையில் மந்தியும் அறியாத இடத்திற் காந்தள் பூத்தது. திருஞானசம்பந்தர் திருவையாற்றுப் பதிகத்திலே அம்மந்தி மூன்றாம் முறை தோன்றுகின்றது. அப்பதிகத்தின் பண் மேகராகக்குறிஞ்சி. பெயரிலேயே முகிலும் மலைநிலமும் கூடிநிற்பது. ஓதுவார் இக்காலத்து அதனை நீலாம்பரியில் பாடுவர். மழை வேண்டி இப்பண்ணமைந்த பதிகங்களை ஓதும் வழக்கமும் உண்டு. அதன் முதற் பாட்டு இருபகுதியாய் அமைந்தது. ஐம்புலனும் கலங்கி அறிவழிந்து உயிர் அலமரும் இறுதிக்காலத்து அஞ்சேல் என்று அருள்வான் கோயில் இது என்பது முற்பகுதி. வலம்வரும் மகளிர் ஆட, முழவு அதிர, அவ்வொலியை மழைமுழக்கமென அஞ்சிய மந்திகள் அலமந்து மரமேறி முகிலை நோக்கும் என்பது பிற்பகுதி. சாவார்க்கும் மந்திக்கும் அலமரல் என்னும் ஒரே சொல்லைப் பிள்ளையார் பெய்தார். இஃது எதிர்பாராது வந்ததன்று. இரண்டு அலமரலுக்கும் நடுவே கோயில் நிற்கின்றது. மந்தி அஞ்சி வானத்தைப் பார்க்கின்றது. அங்கு முகில் இல்லை. ஒலி கோயிலினின்று எழுந்தது. அஃது அச்சத்திற்கு உரியதன்று, ஆடலுக்கு உரியது. உயிரும் அவ்வாறே இறுதிக்காலத்து எதனை எண்ணி அஞ்சுகின்றதோ, அங்கே அஞ்சேல் என்னும் ஒலியே காத்திருக்கின்றது. நகைச்சுவை போலத் தோன்றும் ஒரு காட்சியிலே இத்துணைப் பெரும்பொருளை வைத்தமை பிள்ளையார் திருவாக்கின் அருமை.

இவ்வாடலும் முழவும் மீண்டும் தணிகைக்கு வழிகாட்டுகின்றன. ஆற்றுப்படையின் ஐந்தாம் பகுதி குன்றுதோறாடல். அது குன்றுகள் அனைத்தையும் குறிக்கும் என்பாரும், அவற்றுள் தலைமை பற்றித் திருத்தணிகையையே குறிக்கும் என்பாரும் உளர். அறுபடை வீட்டினை எண்ணி வழிபடுவோர் ஐந்தாவதாகக் கொள்வது தணிகையே. அப்பகுதியில் முகிலும் மழையும் விரித்துப் பேசப்படவில்லை. ஆயினும் மலைவாணர் தொண்டகச் சிறுபறை முழக்கிக் குரவையாடுகின்றனர். மயில் போலும் மகளிர் உடன் உள்ளனர். பெருமான் அவர்கள் கைபற்றித் தழுவி ஆடுகின்றான். முதலில் மழை வந்து பூவைத் தந்தது. இங்கே பூவைச் சூடியவன் தானே வந்து ஆடுகின்றான். முல்லையின் காத்திருத்தல் குறிஞ்சியின் கூட்டத்தில் முடிந்தது. முகில் சான்றாக மட்டும் வந்துநின்ற காலம் போய், எவனுக்குச் சான்றாக வந்ததோ அவனே வந்துவிட்டான்.

தணிகையிற் பிறந்து திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து விளங்கிய கச்சியப்ப முனிவர், 18-ஆம் நூற்றாண்டில் தணிகைப் புராணம் பாடியபோது, வள்ளிநாயகியார் வரலாற்றைக் களவுப்படலமாக அகத்திணை நெறியில் விரித்தமைக்கும் இதுவே கருத்தென்க. தினைப்புனம் மழையை நோக்கியது; புனங்காக்கும் வள்ளி தன் தலைவனை நோக்கியவள். புராணத்தினுள் அகப்பொருள் ஏன் என வினவுவார்க்கு, முருகன் வருகையை அகத்திணையின் மொழியிலன்றி வேறு மொழியில் அத்துணை நுட்பமாகக் கூறுதல் அரிது என்பதே விடையாம். பிரிவையும் வரவையும் பருவத்தோடு சேர்த்துப் பேசும் மொழி தமிழில் அது.

மழையை இங்ஙனம் போற்றுதல், அதனால் துன்புற்றாரை மறத்தலாகாதோ என்னும் வினாவும் உண்டு. அதனை ஒதுக்குதல் அறமன்று. தணிகையைச் சூழ்ந்த தொண்டைநாடு ஏரிகளை நம்பிய நாடு. ஆந்திரப் பகுதியிலிருந்து வரும் நகரியாறு கொற்றலையாற்றோடு கூடும் பூண்டியில் 1944-இல் நீர்த்தேக்கம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் எல்லையை மாற்றின. அப்பால் பெய்த மழை இப்பால் ஏரியை நிரப்புதல் மாறவில்லை. கிருத்திகைக்குத் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே படியில் ஒரே மழையில் நனைகின்றனர். அந்நாட்டிலேதான் 2015-இன் இறுதியில் பெருவெள்ளம் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் அலைத்தது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அப்பூண்டி உள்ளிட்ட ஏரிகள் வறண்டு சென்னை மக்கள் குடிநீர்க்கு அலைந்தனர். மிகினும் துன்பம், பொய்ப்பினும் துன்பம்.

சித்தாந்தம் அறக்கருணை, மறக்கருணை என இரண்டு கூறும். சூரனோடு பொருதது மறக்கருணை. தணிகையில் அது தணிந்தது. ஆயின் வீடிழந்தான் ஒருவனை அணுகி, நீ பெற்றது மறக்கருணை எனக் கூறுதல் நூலறிவாகலாம், அன்பாகாது. நெடுநல்வாடையின் இறுதியை ஈண்டு நினைத்தல் வேண்டும். நள்ளிரவில், துளி தூற்ற, வாடை வீச, அரசன் உறங்காது வெளியே வந்து, புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் காண்கின்றான். மழை நல்லது என அவன் அவர்க்கு உரைத்திலன்; மழையில் நனைந்துகொண்டு அவரிடம் சென்றான். வாடை அவனுக்கு நல்லதானது வெற்றியால் மட்டுமன்று, இச்செலவாலும் எனக் கொள்ளுதல் பொருந்தும். மழையை அருளெனப் பாடும் உரிமை, நனைந்து நடுங்குவானிடம் சென்று நிற்பானுக்கே உண்டு. வெள்ளத்தைக் கூறுமிடத்துக் கோவலரை முதற்கண் கூறிய நக்கீரர் இவ்வுரிமையை நன்கு பெற்றவர்.

இவற்றால் கார்காலப் பாட்டுக்களைக் கற்பார் மூன்றனைக் கடைப்பிடித்தல் நலம். மழையை மழையாகவே முதலிற் காண்க. அதன் குளிரும் மணமும் முழக்கமும் உயிர்க்குத் தரப்பட்ட மெய்ப்பொருள்கள். அம்மகிழ்ச்சியினூடே எழும் ஏக்கத்தைத் தள்ளாது, அஃது எவனை நோக்கியது என ஆராய்க. ஆராய்ந்தபின், மழையால் நடுங்குவாரையும் மழையின்றி வாடுவாரையும் மறவாதிருக்க. இம்மூன்றும் அமைந்தவழிப் பத்துப்பாட்டும் திருமுறையும் சாத்திரமும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும்.

ஆடிக் கிருத்திகையில் முதற்றுளி வீழ, படியில் நின்று மேல்நோக்கும் அடியார் இவற்றையெல்லாம் எண்ணுவாரல்லர். எண்ண வேண்டுவதும் இல்லை. நனைந்த காவடியோடு அவர் அடுத்த படியில் அடி வைக்கின்றனர். முகில் மேலே மறைத்து நிற்கின்றது, மலையுச்சி தெரியவில்லை, எனினும் அவர் அதனை நோக்கியே ஏறுகின்றனர். மறைப்பினூடே ஏறுவார்க்கு மறைத்தவனே மாலை சூடி எதிர்வருவான் என்பதே தணிகைமலை காட்டும் உண்மை. அவ்வருள் எவ்வுயிர்க்கும் பெய்து வெம்மை தணிப்பதாக.